ஒருங்கிணைந்த விமானிப் பயிற்சி: கட்டணம் கட்டும் முன் படிக்க ஒரு மதிப்புரை

முன்அனுபவம் ஏதும் இல்லாத ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குள் பயணிகள் விமானத்தில் துணை விமானி அமரும் வலப்பக்க இருக்கைக்குத் தகுதியுள்ளவராக்கி அனுப்புவதாகச் சொல்லும் முழுநேரப் படிப்பை ஒருங்கிணைந்த விமானிப் பயிற்சி என்கிறார்கள். அப்படிப்பட்ட படிப்பை ஒரு தனியார் பள்ளியில் முடித்து, இப்போது குறுந்தொலைவு விமானம் ஒன்றில் துணை விமானியாகப் பணிபுரிபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பள்ளியின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை; நான் சொல்லும் குறைகள் அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் உரியவை அல்ல என்பதும், இத்தொழிலில் உள்ள பெரும்பாலான பள்ளிகளின் விளம்பரங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன என்பதும் அதற்குக் காரணங்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறக்கக் கற்றுத்தரும் விஷயத்தில் இந்தப் படிப்பு கேட்ட பணத்துக்கு ஏற்றதைத் தருகிறது. பறந்து சம்பாதிப்பதைப் பற்றி அது சொல்லும் கணக்கை மட்டும் யாரும் அப்படியே நம்பக் கூடாது.

பாடத்திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி; அங்கீகாரம் பெற்ற பயிற்சியைத் தொடர்ச்சியாக முடிப்பவர்களுக்கு 150 மணி நேரமே போதும் என்று அதே விதி தளர்வும் தருகிறது. ஒருங்கிணைந்த படிப்பு என்ற வணிகமே பெரிதும் இந்தத் தளர்வை நம்பி எழுந்ததுதான். ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் பள்ளிகளில் வானிலை, விமானச் சட்டம், வழியறிதல், எடையும் சமநிலையும், மனித உடலின் வரம்புகள் என்று 13 பாடங்களில் எழுத்துத் தேர்வு உண்டு. வகுப்பறை ஆசிரியர்களில் சிலர் அருமையாக நடத்தினார்கள், சிலர் பழைய வினாக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். எழுத்துத் தேர்வைப் பொறுத்தவரை இரண்டு வகையினரிடம் படித்தவர்களும் தேறிவிடுகிறார்கள் என்பதே அந்தத் தேர்வின் மீதான என் விமரிசனம்.

பறக்கும் பயிற்சியைப் பற்றி எழுதும்போது என்னால் அவ்வளவு சிக்கனமாக இருக்க முடியவில்லை. நான்கு பேர் அமரும் செஸ்னா 172 வகை விமானத்தில் தொடக்கப் பயிற்சி நடந்தது. வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, மூக்கை உயர்த்தி, இறக்கைகள் தாங்கும் சக்தியை இழக்கும் எல்லைக்கு விமானத்தைக் கொண்டுபோகும் பயிற்சியைப் பெரும்பாலான மாணவர்கள் அஞ்சுவார்கள். எச்சரிக்கை ஊதல் முனகத் தொடங்கும், கட்டுப்பாட்டுச் சக்கரம் கையில் தளர்ந்துபோனது போல இருக்கும், உடல் முழுவதும் ஒரு நடுக்கம் பரவும், அந்த நேரத்தில் சக்கரத்தைத் தன் பக்கம் இழுக்கச் சொல்லும் இயல்பான உந்துதலை அடக்கிக்கொண்டு முன்னால் தள்ள வேண்டும். பயத்துக்கு நேர் எதிராகக் கையை அசைக்கப் பழக்கும் இந்தப் பயிற்சியை அவசரப்படுத்தாமல், ஒவ்வொரு மாணவருக்கும் தேவைப்பட்ட அளவு நேரம் ஒதுக்கி நடத்தியதற்காக மட்டுமே அந்தப் பள்ளியை மனமாரப் பாராட்டுவேன். குறுக்குக் காற்றில் தரையிறங்கும் பயிற்சியும் அவ்வாறே: காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கக் காலால் மூக்கை ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு நேராகப் பிடித்து, ஒற்றைச் சக்கரத்தில் முதலில் தொட்டு, பிறகு மற்றதை இறக்குவது என்பது கை, கால், கண் மூன்றும் ஒன்றாகக் கற்க வேண்டிய வேலை. பயிற்றுநர் இறங்கிக்கொள்ள முதன்முறையாகத் தனியாகப் பறக்கும்போது, ஓர் ஆள் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தரையை விட்டு எழும்பும்; அந்த வேகத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தும் அது என்னைத் திகைக்க வைத்தது. இந்த இன்பத்துக்கு விலை பேச முடியாது என்று மாணவர்கள் அனைவரும் ஒரே குரலில் சொல்வார்கள். விலை பேச முடியாத பொருளை வைத்திருப்பவரிடம் எவரும் பேரம் பேசுவதில்லை என்பதைப் பள்ளிகளும் பிறகு விமான நிறுவனங்களும் நன்றாகவே அறிந்திருக்கின்றன.

அந்த அறிவு எப்படிச் செயல்படுகிறது என்பதைப் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடமாக என் பயிற்றுநரே எனக்குக் காட்டினார். அவரும் அதே பள்ளியில் படித்தவர்தான். உரிமம் கிடைத்தும் விமான நிறுவனங்களின் அழைப்பு வராததால், பறந்த மணிக்கணக்கைக் கூட்டிக்கொள்வதற்காகப் பயிற்றுநர் தகுதி பெற்றுத் திரும்பி வந்திருந்தார். எஞ்சின் இயங்கும் நேரத்தைக் கணக்கிடும் ஹாப்ஸ் மீட்டர் என்ற சிறு கருவி விமானத்தின் முகப்புப் பலகையில் இருக்கும். மணியின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் அந்த எண்ணை, எஞ்சினை நிறுத்திய உடனே அவர் குனிந்து பார்த்துத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அவருடைய கூலி அந்த எண்ணுக்கு மட்டும்தான். பறப்பதற்கு முன் வெண்பலகையில் எனக்கு விளக்கிய நேரத்துக்கும், பறந்த பின் என் பிழைகளைப் பொறுமையாக எடுத்துச் சொன்ன நேரத்துக்கும், மேகம் தாழ்ந்து கிடந்த காலைகளில் ஓடுதளத்தைப் பார்த்தபடி நாங்கள் காத்திருந்த நேரத்துக்கும் அவருக்கு ஒன்றும் இல்லை. மழை தொடர்ந்து பெய்த மாதத்தில் அவர் வேறொரு பகுதிநேர வேலைக்குப் போனார். என்னிடம் பள்ளி வசூலித்த மணிக் கட்டணத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று ஒருநாள் கேட்டபோது, சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். இவ்வளவுக்கும் அவர் மிகச் சிறந்த பயிற்றுநர். எனக்குப் பிறகு இன்னும் சில மாணவர்களைத் தேறச் செய்துவிட்டு, வேண்டிய மணிக்கணக்கு சேர்ந்தவுடன் போய்விட்டார். நல்ல பயிற்றுநர்கள் நிலைக்காமல் போவது குறித்து மாணவர்கள் எழுதிய புகார்களுக்குப் பள்ளி அளித்த பதில்களில் சம்பளம் என்ற சொல்லே இடம்பெற்றதில்லை.

இனி விளம்பரத்துக்கு வருகிறேன். சேர்க்கைக் கையேட்டில் விமானிகளின் வருமானம் என்ற தலைப்பில் ஒரு படம் இருந்தது: படிக்கட்டுப் போல ஏறிச் செல்லும் கோடு, அதன் உச்சியில் அகன்ற உடல் கொண்ட பெரிய விமானத்தின் கேப்டன் வாங்கும் ஊதியம். எண் பொய்யானது அல்ல. அந்த உச்சியை அடைய எத்தனை ஆண்டு ஆகும், எத்தனை பேர் அடைகிறார்கள், முதல் படிக்கும் தரைக்கும் இடையே என்ன இருக்கிறது என்பவைதான் படத்தில் இல்லை. முதல் படிக்குக் கீழே குறைந்தது மூன்று செலவுகள் கிடக்கின்றன. முதலாவது, படிப்புக்கு வாங்கிய கடனுக்கான வட்டி. வேலை கிடைக்கும் வரை அது ஓய்வெடுப்பதில்லை. இரண்டாவது, ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 போன்ற குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி; டைப் ரேட்டிங் எனப்படும் அதைச் சில நிறுவனங்கள் தாமே அளித்து, அதற்கு ஈடாகச் சில ஆண்டுகள் விலகாமல் இருப்பதாகப் பாண்டு எழுதி வாங்குகின்றன; சில நிறுவனங்கள் அந்தச் செலவையும் விமானியின் தலையிலேயே கட்டுகின்றன. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானத்தில் துணை விமானியாக உட்காருவதற்கு விமானியிடமே பணம் வாங்கும் ஏற்பாடுகூட ஐரோப்பாவில் நடந்திருக்கிறது. மூன்றாவது, காத்திருக்கும் காலத்தில் உரிமத்தையும், வெளியே எதுவும் தெரியாத வானிலையில் கருவிகளைப் பார்த்தே பறப்பதற்கான கருவிப் பறத்தல் தகுதியையும் காலாவதியாகாமல் வைத்துக்கொள்ளும் செலவு. இவற்றோடு, தோளில் தங்கப் பட்டை தைத்த சட்டைகளுக்கும் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு வரி இருந்தது. பறக்கத் தெரியும் முன்பே பட்டை அணிவிப்பதில் பள்ளி காட்டிய அவசரத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

வேலை கிடைத்த பிறகும் ஊதியத்தைக் கணக்கிடும் முறை புதியவர்களுக்குப் புரிய நாளாகிறது, அதைச் சொல்லித்தரும் பாடவேளை எந்தப் பள்ளியிலும் இல்லை. பல நிறுவனங்களில் துணை விமானியின் வருமானத்தில் பெரும் பகுதி, விமானம் நகரத் தொடங்கியது முதல் போய்ச் சேர்ந்து நிற்பது வரையிலான மணிக்கணக்கைச் சார்ந்தது. புறப்பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே வந்து, வானிலையையும் எரிபொருளையும் பார்த்து, கையில் விளக்குடன் விமானத்தைச் சுற்றி வந்து சக்கரங்களையும் எஞ்சின் விசிறிகளையும் சோதிக்கும் வேலை அந்தக் கணக்கில் வராது. ஒரு நாளில் நான்கு முறை ஏறி இறங்கும்போது இடையிடையே தரையில் கழியும் நேரமும் வராது. காலை இருளில் கிளம்பிப் பன்னிரண்டு மணி நேரம் பணியில் இருந்தவருக்கு அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்துக்கே ஊதியம் சேரும் நாட்கள் சாதாரணம். ஓர் ஆண்டில் இவ்வளவு மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்ற பாதுகாப்பு வரம்பும் இருக்கிறது. அமெரிக்காவில் பன்னிரண்டு மாதங்களுக்கு 1000 மணி, ஐரோப்பாவில் ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு 900 மணி. ஆகவே, கூடுதலாக உழைத்துக் கடனை விரைவில் அடைத்துவிடலாம் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. இந்த வரம்பு மிகவும் தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் கடன் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

குறைந்த ஊதியம் என்பது விமானிகளின் வழக்கமான புலம்பல் என்று ஒதுக்குபவர்கள் 2009ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஜனவரி 15 அன்று இரண்டு எஞ்சின்களும் செயலிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் உயிருடன் மீட்ட கேப்டன் சல்லன்பர்கர், அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தன் ஊதியம் 40 விழுக்காடு வெட்டப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டம் கலைக்கப்பட்டதையும் எடுத்துச் சொன்னார். அவர் சாட்சியம் அளிப்பதற்குச் சில நாட்கள் முன்பு, பிப்ரவரி 12 அன்று, கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் விமானம் பஃபலோ நகருக்கு அருகே விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானம் வேகம் இழந்தபோது கேப்டன் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை முன்னால் தள்ளுவதற்குப் பதில் பின்னால் இழுத்தார் என்பது விசாரணையின் முடிவு. விசாரணையில் வேறு சிலவும் வெளிவந்தன: துணை விமானி நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் விமானங்களில் பயணம் செய்து பணிக்கு வந்தவர், கேப்டன் முந்தைய இரவை விமான நிலையத்துப் பணியாளர் அறையில் கழித்தவர். பணிபுரியும் நகரில் வீடெடுத்துத் தங்கும் அளவுக்கு வட்டாரத் துணை விமானிகளின் ஊதியம் இருந்ததா என்ற கேள்வி அப்போதுதான் பொதுமக்கள் காதில் விழுந்தது. அன்று அத்தகைய நிறுவனங்களில் முதலாண்டு துணை விமானியின் ஊதியம், பறந்த மணிக்கு 20 டாலரை ஒட்டியே இருந்தது.

அந்த விபத்தின் விளைவாக 2010இல் அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டு, 2013 முதல் அங்கே பயணிகள் விமானத்தின் துணை விமானிகளுக்கும் பொதுவாக 1500 மணி நேர அனுபவம் கட்டாயமானது. அதற்கு முன் 250 மணி நேரம் பறந்து வணிக உரிமம் பெற்றவரே அந்த இருக்கையில் அமர முடிந்தது. விபத்தில் சிக்கிய இருவருமே 1500 மணியைத் தாண்டியவர்கள் என்பதால், இந்தச் சட்டம் குறித்த விவாதம் இன்றும் ஓயவில்லை. என் கவனத்தை ஈர்ப்பது அடுத்து நடந்ததுதான். புதியவர்கள் வருவது குறைந்து, பெருந்தொற்றுக் காலத்தில் மூத்தவர்கள் பலர் ஓய்வுபெற்றுச் சென்று, விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், 2022இல் சில வட்டார நிறுவனங்கள் முதலாண்டு துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் வரை தர முன்வந்தன. பதினைந்து ஆண்டுகளுக்குள் விமானம் ஓட்டும் வேலை நான்கு மடங்கு கடினமாகிவிடவில்லை. வரிசையில் நிற்பவர்கள் குறைந்தார்கள், அவ்வளவுதான். பள்ளிகளின் கையேடுகள் இந்த உயர்வை முதல் பக்கத்தில் அச்சிட்டு, இனி என்றென்றும் இப்படித்தான் என்பது போல் பேசுகின்றன. 2020இல் உலகெங்கும் விமானங்கள் வரிசையாக நிறுத்திவைக்கப்பட்டு, அனுபவமிக்க விமானிகளே சம்பளமின்றி வீட்டில் அமர்ந்த ஆண்டும் இதே பத்தாண்டுக்குள்தான் வருகிறது என்பதை எந்தக் கையேட்டிலும் நான் காணவில்லை.

ஊதியம் தாழும்போது விமானிகள் ஏன் வெளியேறுவதில்லை என்று வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். ஆசை ஒரு காரணம் என்றால், பணிமூப்பு முறை இன்னொன்று. பெரும்பாலான நிறுவனங்களில் விமானியின் ஊதியம், விடுமுறை, எந்த ஊரில் பணி, எப்போது கேப்டன் பதவி ஆகிய அனைத்தும் அவர் சேர்ந்த தேதியைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. பத்தாண்டு அனுபவத்துடன் வேறு நிறுவனத்துக்குப் போனால் அங்கே நேற்றுச் சேர்ந்தவருக்கு அடுத்த வரிசை எண்தான் கிடைக்கும். ஆகவே, நிறுவனம் சம்பளத்தைக் குறைத்தாலும் அங்கேயே இருந்துவிடுவதே லாபம் என்றாகிறது. கடன் சுமையும் பாண்டும் இதன் மேல் ஏறிக்கொண்டால் அசையவே வழியில்லை. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒருவர் இருப்பதைக் காணும் நிர்வாகம், இவருக்கு இந்த ஊதியமே போதுமானதாக இருக்கிறது என்ற முடிவுக்குத்தான் வரும். அந்த முடிவுக்கு வருவதில் தர்க்கப் பிழை ஏதுமில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

பறத்தல் மீதான ஆசையும் விமான நிறுவன வேலையும் ஒன்றல்ல என்பதையும் பள்ளி சொல்லியிருக்கலாம். குறுந்தொலைவுப் பயணத்தில் விமானி தன் கையால் விமானத்தை ஓட்டுவது பெரும்பாலும் புறப்பாட்டின் சில நிமிடங்களும் தரையிறக்கத்தின் சில நிமிடங்களும்தான். மற்ற நேரமெல்லாம் தானியங்கியை மேற்பார்வையிடுவது, எரிபொருளைக் கணக்கிடுவது, வானிலை மாறினால் எங்கே திரும்புவது என்று முன்கூட்டியே பேசிவைப்பது, கட்டுப்பாட்டு அறையுடன் பேசுவது. இந்த வேலையும் எனக்குப் பிடித்திருக்கிறது. இருவர் சேர்ந்து ஒரு சிக்கலை அமைதியாகப் பிரித்துத் தீர்க்கும்போது கிடைக்கும் நிறைவு, தனியாகச் சிறு விமானத்தில் வளைந்து திரும்பியபோது கிடைத்ததைவிட ஆழமானது என்றுகூடச் சொல்வேன். ஆனால் என்னுடன் படித்தவர்களில் கைப்பறத்தலை மட்டுமே நேசித்துச் சேர்ந்த சிலருக்கு இது பெருத்த ஏமாற்றமாக இருந்தது. அவர்களுக்குத் தனியார் விமானி உரிமம் ஒன்றே போதுமாயிருந்திருக்கும். சர்வதேச விதிப்படி அதற்குக் குறைந்தபட்சம் 40 மணி நேரப் பறத்தல்தான். வேறு தொழிலில் வருமானத்தைத் தேடிக்கொண்டு, வாரக் கடைசியில் வாடகை விமானத்தில் பறப்பவர் தன் ஆசையை யாரிடமும் அடகு வைக்க வேண்டியதில்லை. அந்த வழியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், ஆலோசனை கேட்டு வந்த அத்தனை பேரையும் முழுநேரப் படிப்பில் சேர்த்துக்கொண்டது பள்ளியின் பெரிய குறை என்று கருதுகிறேன்.

யாருக்கு இந்தப் படிப்பைப் பரிந்துரைப்பேன் என்றால், விமான நிறுவன வேலையின் ஒழுங்கையும் கூட்டு வேலையையும் விரும்புபவராக இருந்து, கட்டணத்தில் கணிசமான பகுதியைக் கடனின்றிச் செலுத்த முடிந்து, படிப்பு முடிந்த பின் ஓரிரு ஆண்டுகள் அழைப்பு வராவிட்டாலும் குடும்பம் தள்ளாடாது என்ற நிலையில் உள்ளவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முழுத் தொகையையும் வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கிச் சேர இருப்பவர், வேலை பார்த்துக்கொண்டே பகுதி பகுதியாக உரிமங்களைப் பெறும் முறையை முதலில் விசாரிக்க வேண்டும். அதற்குக் காலம் கூடுதலாகும், கையில் கிடைக்கும் உரிமம் அதேதான், செலவு பெரும்பாலும் குறைவு. சில நிறுவனங்கள் ஒருங்கிணைந்த படிப்பை முடித்தவர்களுக்கு முன்னுரிமை தருகின்றன என்பது உண்மைதான். எந்த நிறுவனம், எத்தனை பேரை எடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்த முன்னுரிமைக்கு விலை கொடுக்க வேண்டும்.

சேரத் தீர்மானித்தவர்கள், பள்ளிக்கு ஒரு காசும் கட்டும் முன், விமான நிறுவன விமானிகளுக்குத் தேவைப்படும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றைப் பெற்றுவிடுங்கள். கண்ணிலோ இதயத்திலோ அறியாத குறை ஒன்று இருந்தால், அது படிப்பின் நடுவில் தெரியவருவதைவிட இப்போது தெரிவது மேல். கடைசி இரண்டு அணிகளில் படித்து முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். "எங்கள் மாணவர்கள் உலகெங்கும் பறக்கிறார்கள்" என்று மட்டும் பதில் வந்தால் மறுபடியும் கேளுங்கள். கூடுதல் மணி நேரம் தேவைப்பட்டால் அதற்கு யார் பணம் கட்டுவது, தேர்வாளர் கட்டணமும் மறுதேர்வும் சேர்ந்ததா, வானிலையால் தாமதமானால் தங்கும் செலவு யாருடையது என்பவை ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்தினால் தள்ளுபடி என்று ஆசை காட்டினால் மறுத்துவிட்டு, முடித்த பகுதிக்கு மட்டும் தவணையாகக் கட்டுங்கள். பயிற்சிப் பள்ளிகள் திடீரென மூடப்பட்டு, பாதிப் படிப்பில் நின்ற மாணவர்கள் கட்டிய பணத்தை மீட்க முடியாமல் போன நிகழ்வுகள் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கின்றன. நான் படித்த பள்ளி தவணை முறைக்கு முதலில் ஒப்புக்கொள்ளவில்லை; சேர்வதில் உறுதியாக இருந்த மூவர் ஒன்றாகப் போய்க் கேட்டபோது ஒப்புக்கொண்டது.